கடலில் கோடு போடுவது யார்?

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் இருந்து ஒரு கண்டெய்னர் லாரி சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்புகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். போய்ச் சேருவதற்குள் அந்த டிரைவர் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்! எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், லைசென்ஸ், புகைச் சான்றிதழ்... ஒன்று குறைந்தாலும் வண்டியை ஓரம் கட்டச் சொல்வார்கள். வண்டிக்குப் போடும் டீசலுக்கும் சட்டம் இருக்கிறது. 2020ம் ஆண்டு ஏப்ரல் 1ம் தேதி முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 டீசல் தான். அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

நல்ல விஷயம் தான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நாள் முழுக்க ஓடும் லாரிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு அவசியம் என்று புரியும்.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். அந்த டீசல் எங்கிருந்து வந்தது? சென்னைச் சுற்றுவட்டாரத்துக்கு எரிபொருள் தரும் பெரிய சுத்திகரிப்பு ஆலை மணலியில் இருக்கும் சி.பி.சி.எல். அந்த ஆலைக்கான கச்சா எண்ணெய் கப்பலில் தான் வருகிறது. சென்னைத் துறைமுகத்தில் டேங்கரில் இருந்து இறக்கி, குழாய் வழியே மணலிக்குக் கொண்டு போகிறார்கள். அந்த டேங்கர் தன் எஞ்சினில் எரிக்கும் எண்ணெயில் கந்தகம் எவ்வளவு இருக்கலாம்? உலகச் சட்டப்படி 0.5 சதவீதம் வரை. அதாவது பத்து லட்சத்தில் 5000 பங்கு.

லாரிக்கு 10, கப்பலுக்கு 5000. ஐநூறு மடங்கு!

கடலில் நடப்பதற்கும் கரையில் இருப்பவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கப்பல் புகை கடலோடு நிற்பதில்லை. கந்தக ஆக்சைடுகளும் நுண்துகள்களும் காற்றோடு கரைக்கு வருகின்றன, நுரையீரலுக்குள் போகின்றன. துறைமுகத்தை ஒட்டி வாழும் ராயபுரம், காசிமேடு, எண்ணூர் மக்கள் தான் அதை முதலில் சுவாசிக்கிறார்கள்.

முதல் கோடு: காற்று

கப்பல்களால் ஏற்படும் மாசைத் தடுக்க மார்போல் என்று ஒரு சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. லண்டனில் இருக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இதைப் பார்த்துக் கொள்கிறது. இந்த உடன்படிக்கையின் ஆறாவது இணைப்பு தான் காற்று மாசு பற்றியது. 1997ம் ஆண்டு ஏற்றுக் கொண்டார்கள். நடைமுறைக்கு வந்ததோ 2005ம் ஆண்டு மே மாதம். எட்டு வருடம்!

ஆரம்பத்தில் கந்தகத்தின் உச்ச வரம்பு 4.5 சதவீதம். 2012ம் ஆண்டு 3.5 ஆகக் குறைத்தார்கள். 2020ம் ஆண்டு ஜனவரி 1 முதல் 0.5. இது பெரிய முன்னேற்றம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் இதே உடன்படிக்கைக்குள் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. சில கடல் பகுதிகளை 'மாசு வெளியேற்றக் கட்டுப்பாட்டுப் பகுதி' என்று வரைபடத்தில் கோடு போட்டு ஒதுக்கி இருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்குள் நுழையும் கப்பல் 0.1 சதவீத எரிபொருளுக்கு மாறியாக வேண்டும். பால்டிக் கடல், வட கடல், வட அமெரிக்கக் கரைகள், அமெரிக்காவின் கரீபியன் பகுதி ஆகியவற்றில் 2015 முதல் இந்த வரம்பு இருக்கிறது. 2025ம் ஆண்டு மே 1 முதல் மத்தியதரைக் கடலிலும் வந்து விட்டது.

ஒரே கப்பல், ஒரே எஞ்சின், ஒரே கேப்டன். ஐரோப்பியக் கரையை நெருங்கும் போது நல்ல எண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். சென்னைக்கு வரும் போது அந்த அவசியம் கிடையாது. ஏனென்றால் இந்தியக் கடலில் அப்படி ஒரு கோடு இல்லை.

இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஸ்க்ரப்பர் என்ற கருவியைப் பொருத்திக் கொண்டால் பழைய கந்தக எண்ணெயையே தொடர்ந்து எரிக்கலாம். கருவி புகையைக் கடல் நீரால் கழுவும். திறந்த வகை ஸ்க்ரப்பர் என்றால் கழுவிய தண்ணீர் மறுபடி கடலுக்கே போகிறது. வானத்துக்குப் போக வேண்டியது தண்ணீருக்குப் போகிறது, அவ்வளவு தான்! சிங்கப்பூரும் ஃபுஜைராவும் 2020லேயே தங்கள் துறைமுக எல்லைக்குள் இதைத் தடை செய்து விட்டன.

கப்பல் எரிக்கும் எண்ணெய் எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். 2017ம் ஆண்டு ஜனவரி 28ம் தேதி அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு டேங்கர்கள் மோதிக் கொண்டன. ஒன்று, சமையல் எரிவாயுவை இறக்கி விட்டு வெளியே வந்த பி.டபிள்யூ. மேப்பிள். இன்னொன்று, உள்ளே வந்து கொண்டிருந்த டான் காஞ்சிபுரம். முதலில் எண்ணெய்க் கசிவு எதுவும் இல்லை என்றே சொன்னார்கள். பிறகு எர்ணாவூர் பாறைகளில் கருப்புக் களிம்பு வந்து ஒட்டியது. ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன் வாங்க ஆளில்லை. மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் பிளாஸ்டிக் பக்கெட்டில் அந்தக் களிம்பை அள்ளி அள்ளிக் கொட்டிய படங்களை மறந்திருக்க முடியாது.

அந்தக் களிம்பு டேங்கர் சுமந்து வந்த சரக்கு இல்லை. கப்பல் தன் எஞ்சினுக்காக வைத்திருந்த ஃபர்னஸ் ஆயில். சாதாரண நாட்களில் புகைபோக்கி வழியாக வெளியே போவது அன்று பக்கெட்டில் கிடைத்தது.

இரண்டாவது கோடு: பாதுகாப்பு

2002ம் ஆண்டு அக்டோபரில் ஏமன் கரைக்கு அருகே லிம்பர்க் என்ற பிரெஞ்சு டேங்கர் மீது வெடிமருந்து நிரப்பிய படகை மோதினார்கள். அதற்கு முந்தைய வருடம் தான் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்திருந்தது. உலகம் விழித்துக் கொண்டது. அந்த டிசம்பரிலேயே கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான புதிய விதித் தொகுப்பை ஏற்று, 2004ம் ஆண்டு ஜூலை 1 முதல் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். கப்பலில் ஒரு பாதுகாப்பு அதிகாரி, ஒரு பாதுகாப்புத் திட்டம், ரகசிய அபாய அறிவிப்புக் கருவி எல்லாம் கட்டாயம் ஆயின.

காற்று விஷயத்தில் எட்டு வருடம் எடுத்தவர்கள், பாதுகாப்பு விஷயத்தில் இரண்டே வருடத்தில் முடித்து விட்டார்கள். வேகம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து சோமாலியக் கடற்கொள்ளையர்கள். அவர்களைச் சமாளிக்கக் கப்பல் நிறுவனங்களின் சங்கங்கள் அரபிக் கடலில் 'அதிக ஆபத்துப் பகுதி' என்று ஒரு கோடு போட்டன. 2010ம் ஆண்டு அந்தக் கோட்டை 78 பாகை கிழக்கு வரை நகர்த்தினார்கள். அட்லஸை எடுத்துப் பாருங்கள். 78 பாகை என்பது ஏறக்குறைய மதுரை, தூத்துக்குடி வழியாகப் போகும் கோடு! அதாவது கேரளக் கடல் முழுவதும், கன்னியாகுமரிக் கடலும் கொள்ளையர் பகுதிக் கணக்கில் சேர்ந்து விட்டன. அந்தப் பகுதிக்குள் வரும் கப்பலுக்கு இன்சூரன்ஸ் கட்டணம் கூடும். காவலுக்குத் துப்பாக்கியோடு ஆட்கள் ஏறுவார்கள்.

விளைவு? 2012ம் ஆண்டு பிப்ரவரி 15ம் தேதி கேரளக் கரையில் இருந்து சுமார் 20 கடல் மைல் தூரத்தில் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய் டேங்கரில் இருந்த அந்நாட்டுக் கடற்படை வீரர்கள், மீன்பிடிப் படகு ஒன்றைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். செயின்ட் ஆன்டனி என்ற அந்தப் படகில் இருந்த இரண்டு மீனவர்கள் செத்துப் போனார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர். மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞர்.

வழக்கு எட்டு வருடம் இழுத்தது. 2020ம் ஆண்டு சர்வதேச நடுவர் மன்றம், இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு, ஆனால் அந்த வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 10 கோடி ரூபாய் வந்தது. 2021ம் ஆண்டு ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது. இரண்டு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இன்னொரு கதையும் நினைவிருக்கும். 2013ம் ஆண்டு அக்டோபரில் சீமேன் கார்டு ஓஹியோ என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை பிடித்து வந்தது. கொள்ளையரிடம் இருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் தனியார் காவலர்கள் துப்பாக்கிகளோடு தங்கும் மிதக்கும் ஆயுதக் கிடங்கு அது. நிறுவனம் அமெரிக்காவில், கொடி சியரா லியோனுடையது. கப்பலில் இருந்த 35 பேரில் பிரிட்டிஷ்காரர், எஸ்தோனியர், உக்ரைன்காரர், இந்தியர் என எல்லோரும் உண்டு. 2016ம் ஆண்டு தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்து வருடத் தண்டனை கொடுத்தது. 2017ம் ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அத்தனை பேரையும் விடுதலை செய்தது. கடலில் துப்பாக்கி வைத்திருப்பவன் யார் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்ற கேள்விக்கு மட்டும் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

இப்போது இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுத்தமான காற்றுக்கான கோடு இந்தியாவைத் தொடவே இல்லை. ஆபத்துக்கான கோடு தூத்துக்குடி வரை வந்து நின்றது.

கொடி யாருடையது?

இரண்டுக்கும் அடியில் இருக்கும் பிரச்சனை ஒன்று தான். நடுக்கடலில் ஒரு கப்பலைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு அதன் கொடி நாட்டுக்கு உரியது. உலகக் கப்பல் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் என்ற மூன்று கொடிகளின் கீழ் ஓடுகிறது. லைபீரியாவின் கப்பல் பதிவேட்டையும் மார்ஷல் தீவுகளின் பதிவேட்டையும் நடத்துவது அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் தனியார் நிறுவனங்கள். கடலே இல்லாத மங்கோலியா கூடக் கப்பலுக்குக் கொடி கொடுக்கிறது!

வெளிநாட்டுக் கொடி என்றாலே மோசம், இந்தியக் கொடி என்றால் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. எண்ணூரில் மோதிய டான் காஞ்சிபுரம் இந்தியக் கொடிக் கப்பல் தான். பெரிய பதிவேடுகளிலும் நன்றாகப் பராமரிக்கும் கப்பல்கள் நிறைய உண்டு. ஆனால் தவறு நடந்தால் கொடி நாடு எவ்வளவு தூரம் வந்து நிற்கும்?

2024ம் ஆண்டு ஜனவரி 26ம் தேதி ஏடன் வளைகுடாவில் மார்லின் லுவாண்டா என்ற டேங்கரை ஹவுதிகளின் ஏவுகணை தாக்கியது. உள்ளே நாஃப்தா. 22 இந்தியர்களும் ஒரு வங்கதேசத்தவரும் வேலை பார்த்துக் கொண்டிருந்தார்கள். கொடி மார்ஷல் தீவுகளுடையது. தீயை அணைக்க உதவிக்கு ஓடியது இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம். பதிவுக் கட்டணம் ஒரு நாட்டுக்கு, காப்பாற்றும் செலவு இன்னொரு நாட்டுக்கு. வணிகவியல் பாடத்தில் இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

2022ம் ஆண்டுக்குப் பிறகு நிலைமை இன்னும் சிக்கல். ரஷ்ய, ஈரானிய, வெனிசுவேலா எண்ணெய் மீதான தடைகளைத் தாண்ட 'நிழல் கப்பல்' கூட்டம் ஒன்று வளர்ந்து விட்டது. வயதான டேங்கர்கள், அடிக்கடி மாறும் பெயர், போலிக் கொடி, யாரென்று தெரியாத இன்சூரன்ஸ். கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியையே அணைத்து விடுகிறார்கள். 2023ம் ஆண்டு மே 1ம் தேதி மலேசியாவுக்கு அருகே வெடித்த பாப்லோ என்ற டேங்கர் 1997ல் கட்டியது, காபோன் கொடி. கப்பலில் இருந்த 28 பேரில் 3 பேர் காணாமல் போனார்கள். நல்ல வேளையாக உள்ளே சரக்கு இல்லை.

ரஷ்ய எண்ணெயை இந்தியா வாங்கலாமா கூடாதா என்பது வேறு விவாதம். மலிவாகக் கிடைத்தால் வாங்க நியாயம் உண்டு என்றே வைத்துக் கொள்வோம். எந்தக் கப்பலில் வாங்குவது என்பதையாவது கேட்க வேண்டாமா?

விலை ஏறி விடாதா?

இந்த இடத்தில் எல்லோரும் சொல்வது, "கட்டுப்பாடு போட்டால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் டீசல் விலை ஏறும், கடைசியில் சாமானியன் தலையில் தான் விடியும்" என்பது. நியாயமான பயம். கணக்குப் போட்டே பார்த்து விடலாம்.

நடுத்தர அளவுக் கச்சா எண்ணெய் டேங்கர் ஒன்று சுமார் 10 லட்சம் பீப்பாய் சுமக்கும். ஒரு பீப்பாய் 159 லிட்டர். மொத்தம் 15.9 கோடி லிட்டர். நல்ல கப்பல், நல்ல எரிபொருள், முறையான இன்சூரன்ஸ் என்பதற்காக ஒரு பயணத்துக்கு 5 லட்சம் டாலர் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று தாராளமாகவே வைத்துக் கொள்வோம். டாலருக்கு 90 ரூபாய் போட்டால் நாலரைக் கோடி ரூபாய். லிட்டருக்கு எவ்வளவு வருகிறது? சுமார் 28 பைசா. பெட்ரோல் பங்க்கில் சில்லறை இல்லை என்று விட்டு விட்டு வரும் தொகை.

இந்த 28 பைசாவைக் கொடுக்காததால் வரும் செலவு வேறு இடத்தில் ஏறுகிறது. எர்ணாவூர் மீனவரின் வருமானத்தில் ஏறுகிறது, ராயபுரத்துக் குழந்தையின் மருத்துவச் செலவில் ஏறுகிறது, கடற்படையின் பட்ஜெட்டில் ஏறுகிறது. பில்லில் வராததால் செலவே இல்லை என்று ஆகி விடாது.

சரக்குக்காரரைக் கேளுங்கள்

அப்படியானால் என்ன செய்வது? கொடி நாட்டைக் கெஞ்சிக் கொண்டிருப்பதை விட, எண்ணெய் வாங்குபவரைப் பொறுப்பாக்குவது சுலபமான வழி. கப்பலை எந்தத் தீவில் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், சுத்திகரிப்பு ஆலையைத் தூக்கிக் கொண்டு போய் ஒளித்து வைக்க முடியாது.

இது புது யோசனையும் இல்லை. 1999ம் ஆண்டு டிசம்பரில் பிரான்ஸ் கரைக்கு அருகே எரிகா என்ற மால்டா கொடி டேங்கர் இரண்டாக உடைந்தது. சுமந்தது டோட்டல் நிறுவனம் விற்ற எண்ணெய். சர்வதேச உடன்படிக்கைப்படி பொறுப்பு பதிவு பெற்ற உரிமையாளருக்குத் தான். ஆனால் பிரெஞ்சு நீதிமன்றம், அந்தக் கிழட்டுக் கப்பலைச் சரியாகச் சோதிக்காமல் அமர்த்தியது டோட்டலின் தவறு என்றது. 2012ம் ஆண்டு செப்டம்பரில் பிரான்ஸின் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே போல, எண்ணெய்க் கசிவு இழப்பீட்டுக்கான சர்வதேச நிதிக்குப் பணம் கட்டுவது கப்பல்காரர்கள் அல்ல, வருடத்துக்கு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கடல் வழியே எண்ணெய் பெறும் நிறுவனங்கள். இந்திய நிறுவனங்களும் இதில் அடக்கம். விபத்துக்குப் பின் பணம் கட்டத் தயாராக இருப்பவர்கள், விபத்துக்கு முன் கப்பலைப் பார்த்து எடுப்பதில் என்ன கஷ்டம்?

இந்தியாவில் இதற்கு வசதி அதிகம். கச்சா எண்ணெயைப் பெரிய அளவில் வாங்கும் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றுமே பொதுத்துறை. சி.பி.சி.எல். கூட இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம் தான். விற்பவர் கப்பலை ஏற்பாடு செய்தாலும் சரி, தாங்களே அமர்த்தினாலும் சரி, கப்பலின் வயது, உண்மையான உரிமையாளர் பெயர், செல்லுபடியாகும் இன்சூரன்ஸ், இருப்பிடம் காட்டும் கருவியின் முழுப் பயணப் பதிவு ஆகிய நான்கும் இல்லாமல் சரக்கை இறக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதி, அந்த விவரங்களை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

துறைமுகத்தாலும் முடியும். 2025ம் ஆண்டு செப்டம்பரில் அதானி குழுமம், மேற்கத்திய நாடுகளின் தடைப் பட்டியலில் உள்ள டேங்கர்கள் தன் துறைமுகங்களுக்கு வரக் கூடாது என்று உத்தரவு போட்டது. காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் ஒரே உத்தரவில் கப்பலைத் திருப்பி அனுப்ப முடியும் என்பது தெரிந்து விட்டது. ஐரோப்பியத் துறைமுகங்களில் நிற்கும் கப்பல் 0.1 சதவீத எரிபொருளையே எரிக்க வேண்டும் என்ற விதி 2010ல் இருந்தே இருக்கிறது. சென்னையிலும் எண்ணூரிலும் முதல் படியாக அதைக் கொண்டு வரலாம். பிறகு இந்தியக் கரை முழுவதையும் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கச் சொல்லி லண்டனில் விண்ணப்பிக்கலாம். மத்தியதரைக் கடல் நாடுகள் செய்ததும் அது தான்.

கேட்டால் கிடைக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். மீனவர்களைப் பலி வாங்கிய அந்த 78 பாகைக் கோட்டை நகர்த்தச் சொல்லி இந்தியா தொடர்ந்து வற்புறுத்தியது. 2015ம் ஆண்டு டிசம்பர் 1 முதல் கோடு 65 பாகைக்குப் பின்வாங்கியது. 2023ம் ஆண்டு ஜனவரியில் அந்தப் பகுதியையே ரத்து செய்து விட்டார்கள்.

விதிகளால் ஒன்றும் மாறாது என்பவர்களுக்கும் பதில் உண்டு. 1970களில் வருடத்துக்குச் சராசரியாக 70க்கும் மேற்பட்ட டேங்கர் கசிவுகள் நடந்தன. இரட்டைச் சுவர்க் கப்பல் கட்டாயம் என்பது போன்ற விதிகள் வந்த பிறகு, 2010களில் அது வருடத்துக்கு ஆறேழாகக் குறைந்தது. எக்ஸான் வால்டெஸ், எரிகா, பிரெஸ்டீஜ் என்று ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் தங்கள் கரையைக் காக்க அமெரிக்காவும் ஐரோப்பாவும் மேசையைத் தட்டிக் கேட்டதால் தான் அந்த விதிகள் இறுகின.

உலகில் கச்சா எண்ணெயை அதிகம் இறக்குமதி செய்யும் முதல் மூன்று நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கடையில் பெரிய வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் சரக்கை மாற்றிக் கொடுப்பார். அடுத்த எண்ணெய் ஒப்பந்தத்தில் பொதுத்துறை நிறுவனங்கள் கப்பலைப் பற்றி அந்த நான்கு வரிகளைச் சேர்க்கட்டும். லாரி டிரைவரிடம் தினமும் கேட்கும் கேள்விகள் தான் அவை.